மாமனாரை வெளியே அனுப்பிய நாள்

எங்கள் சர்ச் ஹாலுக்கு நடுவே ஒரு மாமனார் நின்றுகொண்டிருந்தார். ஆள் இல்லை, கட்டை. கூரையைக் குறுக்கே தாங்கும் பெரிய உத்தரம் ஏதோ ஒரு மழைக்காலத்தில் நடுவில் தொய்ந்துபோக, அப்போது இருந்தவர்கள் காட்டு மரம் ஒன்றைச் செதுக்கி அதற்கு அடியில் முட்டுக் கொடுத்தார்கள். தற்காலிகமாகத்தான் கொடுத்தார்களாம். நான் சந்தவாசலிலிருந்து இந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்தத் தற்காலிகம் கறுத்து, வழுவழுத்து, இடுப்பு உயரத்தில் ஊர் ஜனம் மொத்தமும் கை வைத்து வைத்துப் பளபளவென்று இருந்தது.

மாமனார் என்று பெயர் வைத்தது பெண்கள். என் ஓர்ப்படிதான் எனக்கு விளக்கம் சொன்னாள். என் வீட்டுக்காரரின் அண்ணி அவள். வாயைத் திறந்தால் ஒரு சிரிப்பு இல்லாமல் மூட மாட்டாள். "பாரு, ஒரு வேலையும் செய்ய மாட்டாரு. நட்டநடு வூட்டுல நின்னுனு இருப்பாரு. நாமதான் சுத்திக்கினு போவணும். அவரு போய்ட்டாருன்னா வூடு நிக்காது. மாமனாருன்னு சொல்லாம வேற இன்னான்னு சொல்றது?"

அதற்குப் பிறகு எனக்கும் அது மாமனார்தான். பந்தி பரிமாறும்போது குழம்பு வாளியோடு வருகிறவளைப் பார்த்து, "மாமனாரு நிக்கிறாரு, இடிச்சுக்காத" என்போம். வெளியூர்க்காரர்கள் யாராவது இருந்தால் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள், எந்தக் கிழவர் என்று.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஹாலில் உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதில் எங்கள் பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை மழையில் உட்கார்ந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். கூரை விழும் முன்னால் கத்தும், முனகும், நாம் ஓடிவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அது கத்தவில்லை. யாரோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கறவை மாடு உள்ளே இருந்தது. அந்த மூச்சுச் சத்தம் என் காதில் தங்கிவிட்டது. அதனால் எந்தக் கட்டடத்துக்குள் போனாலும் நான் முதலில் மேலேதான் பார்ப்பேன். "மருமவ வந்ததும் வராததுமா ஒட்டடை பாக்கறா" என்று என் நிஜ மாமனார் கேலி செய்வார்.

சர்ச் ஹால் என்று பெயரே தவிர, அது சர்ச்சுக்காரர்களுக்கு மட்டும் என்று இருந்ததில்லை. எங்கள் சபை சின்னது. சுற்றி இருக்கிற ஊர்க்காரர்கள் அவர்கள் சாமியைக் கும்பிடுகிறவர்கள். ஆனால் குழந்தைகளுக்கு ஊசி போடுவது அங்கேதான். மகளிர் குழுக் கூட்டம் அங்கேதான். பிள்ளைகள் சாயங்காலம் உட்கார்ந்து படிப்பதும் அங்கேதான். போளூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழை வந்தால் எல்லாச் சாமியையும் கும்பிடுகிறவர்களும் ஓடிவந்து ஒதுங்குவது அந்தத் தாழ்வாரத்தில்தான்.

அதனால்தான் எங்கள் போதகர், ஹாலைப் பிரித்துவிட்டு எல்லாருக்குமாக ஒரு சமுதாயக் கூடம் கட்டலாம் என்று சபையில் சொன்னபோது முதலில் கை தூக்கியவள் நான். பயந்தவள் கை சீக்கிரம் மேலே போகும்.

ஊர் ஊராகப் போய்ப் பேச என்னையே அனுப்பினார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். மற்றதெல்லாம் பேசிப் பேசி, கேட்டுக் கேட்டு வந்ததுதான். கல்யாணமோ காதுகுத்தோ, யார் வீட்டு விசேஷமானாலும் மைக் என் கைக்கு வந்துவிடும். எனக்கு "மைக்கு அக்கா" என்று பேர். ஊர் ஜனம் சொல்வதைக் கேட்டு மனதில் போட்டு வைத்துக்கொள்வேன், அவர்கள் சொன்னதையே அழகாக அவர்களிடம் திருப்பிச் சொல்வேன். என் வித்தை அவ்வளவுதான்.

அந்த வித்தை முதல் ஊரிலேயே இடறி விழுந்தது. "சமுதாயக் கூடம் கட்டப் போறோம், நீங்களும் ஒத்தாசை பண்ணணும்" என்று ஆரம்பித்தேன். ஒருத்தர் கேட்டார்: "எந்த சமுதாயம்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் பக்கம் சமுதாயம் என்றால் சாதிதானே. பொண்ணு பார்க்கப் போனால், "நீங்க எந்த சமுதாயம்?" என்றுதானே கேட்கிறோம். யார் சாதிக்கோ மண்டபம் கட்ட எங்களிடம் கேட்கிறாளே என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள்.

"எல்லா சமுதாயத்துக்கும்" என்றேன்.

"அப்ப எல்லாருக்கும் கூடம்னு சொல்லு. சமுதாயம்னு சொல்லினு வந்தியானா ஒரு சொம்புத் தண்ணிகூட கிடைக்காது."

இதைச் சொன்னவர் அந்த ஊரின் ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த் தலைவர். எங்கள் பகுதியில் அதுதான் மூத்த ஊர். எந்த விசேஷத்திலும் முதல் மரியாதை அந்த ஊருக்குத்தான். முதல் வெற்றிலைத் தட்டு, முதல் பந்தி, முதல் பேச்சு எல்லாம் அவர்களுக்கு. அதற்குப் பிறகு அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று ஒரு வரிசை இருக்கிறது. கடைசியில், காடு திருத்திக் குடியேறிய சின்ன ஊர். மைக் பிடிக்கிறவளுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் இந்த வரிசை தெரிந்திருக்க வேண்டும். தப்பித்தவறி மாற்றிக் கூப்பிட்டால் அன்றைக்கு அடிதடிதான். ஒரு முறை ஒரு கல்யாணத்தில் சந்தனக் கிண்ணம் ஊர் மாறிப் போனதற்கு மூன்று ஊர் சாப்பிடாமல் எழுந்துபோனது.

பெயரை மாற்றியதும் ஊர்கள் இளகின. காசு என்று யாரும் பெரிதாகக் கொடுக்க முடியாது. ஒரு குடும்பம் தங்கள் புளிய மரம் ஒன்றின் காய்ப்பைக் கூடத்துக்கு விட்டது. இன்னொருத்தர் சாமை மூட்டை கொடுத்தார். கல் சுமக்க ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். ஒரு பாட்டியம்மா, "எங்கிட்ட ஒண்ணுமில்ல பொண்ணு, அடிக்கல் போடற அன்னிக்கு வந்து குலவை போடறேன், அது கணக்குல வருமா?" என்றாள். வரும் என்றேன்.

ஆனால் சிமெண்டும் கம்பியும் குலவைக்கு வராதே. அதற்கு மலைக்குக் கீழே இருந்து உதவி வேண்டும். போதகர் எங்கெங்கோ பேசி, இந்த மாதிரிக் காரியங்களுக்குக் கை கொடுக்கும் ஒரு அமைப்பிலிருந்து ஒரு அம்மாவும் கூட இரண்டு பேரும் வந்து பார்ப்பதாக ஏற்பாடு ஆனது. நேரில் பார்த்து, இங்கே உண்மையிலேயே கட்டடம் தேவைதானா, ஜனங்கள் சேர்ந்து இருக்கிறார்களா என்று தெரிந்துகொண்டுதான் முடிவு சொல்வார்களாம்.

அவர்கள் வருகிற அன்று காலையில் என்னை ஒடுகத்தூருக்கு அனுப்பினார்கள், வழி காட்டி அழைத்து வர. அதில்தான் காரியம் கெட்டது. நான் ஊரில் இல்லாத அந்தக் காலை நேரத்தில்.

மலை ஏறும்போது வண்டியில் அந்த அம்மா நல்லபடியாகப் பேசிக்கொண்டு வந்தார். முந்தின நாள் வரை விடாத மழை. வளைவுக்கு வளைவு பாறையில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "ஹால் ரொம்ப மோசமா இருக்குன்னு பாஸ்டர் சொன்னாரு. அவ்வளவு மோசமா?" என்று கேட்டார். "நீங்களே பாருங்கம்மா" என்றேன்.

வண்டி நின்றது. நான் அசந்துபோனேன். சுண்ணாம்பு அடித்துச் சுவர் பளீரென்று இருந்தது. வாசலில் வாழை மரம், மாவிலை. விரிசல் விழுந்த இடத்திலெல்லாம் யாரோ காலண்டர் படம் மாட்டியிருந்தார்கள். உள்ளே கால் வைக்க இடமில்லாமல் ஜனம். எல்லா ஊரும் வந்திருந்தது. மேலே உத்தரத்தை மறைத்துக் கலர் காகிதத் தோரணம், குறுக்கும் நெடுக்குமாக. மேடையில் நாற்காலி, அதன் மேல் வெள்ளைத் துண்டு.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் அந்த அம்மா.

எனக்கு உள்ளுக்குள் எரிச்சல் வந்தது. ஆனால் கோபப்பட முடியவில்லை. இந்த ஜனத்தை எனக்குத் தெரியும். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் கிழிந்த பாயைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டு, அடுத்த வீட்டில் நல்ல பாய் கடன் வாங்கி விரிக்கிறவர்கள். ஓட்டையைக் காட்டி உதவி கேட்க இவர்களுக்குத் தெரியாது.

விருந்தாளிகளை மேடையில் உட்கார வைத்தார்கள். ஹால் கமிட்டிச் செயலாளர், உரக்கடை வைத்திருக்கிறவர், எதையும் ஜோராகச் செய்ய வேண்டும் என்று நினைக்கிற மனுஷன், வேட்டி சரசரக்க என்னிடம் வந்து மைக்கைக் கொடுத்தார். "ஆரம்பிங்க அக்கா. அசத்திடணும்."

வழக்கம்போல முதலில் மேலே பார்த்தேன். தோரணம்தான் தெரிந்தது. பிறகு நடுவில் பார்த்தேன். பிள்ளைகள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், வரவேற்புப் பாட்டுப் பாட. என் மகளும் அதில் இருந்தாள், எண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலையோடு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். எல்லாரையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறதே, நன்றாக இருக்கிறதே என்று நினைத்தேன். அப்புறம்தான், ஏன் இன்றைக்கு எல்லாரையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிறது என்று தோன்றியது.

நடுவில் எதுவும் மறைக்கவில்லை.

மைக்கை மூடிக்கொண்டு, சுவரோரமாக நின்ற என் ஓர்ப்படியிடம் போனேன். "அக்கா, மாமனாரு எங்க?"

"வெளிய அனுப்பிட்டோம்" என்று சிரித்தாள். "விருந்தாளி வர்ற நேரத்துல நடுவுல கறுப்பா நின்னுனு, நல்லாவா இருக்கும்? பின்னாடி சாத்தி வெச்சிருக்காங்க."

"யாரு எடுத்தது?"

"செயலாளரு. ஆளை வெச்சு எடுத்தாரு. சுலபமா வந்துட்டுதாம். கொஞ்சம் தட்டினதும் வந்துட்டாராம்."

நான் செயலாளரைத் தனியாக இழுத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, இத்தினி வருஷம் நின்ன கட்டடம். ஒரு மணி நேரம் தாங்காதா? இப்பதான் ஜனம் உக்காந்திருக்கு. இப்ப எழுப்பினீங்கன்னா எல்லாம் நாசம். மறுபடியும் இவங்க வருவாங்களா? பயந்தா பயத்தை முந்தானையில முடிஞ்சுக்குங்க."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. நான் பயந்தாங்கொள்ளி என்பது ஊருக்கே தெரியும். இல்லாத ஒன்றுக்குக் கத்தி, ஊர்கள் சேர்ந்து எடுத்த காரியத்தைக் கெடுத்தவள் என்று பேர் வந்துவிட்டால்? மேடையில் அந்த அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். போதகர் அவர் பக்கத்தில் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

திரும்பி என் மகளைப் பார்த்தேன். அவள் தலையில், எண்ணெய் மினுங்குகிற அந்தக் கறுப்பில், மாவு தூவிய மாதிரி ஏதோ இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் விழுந்தது. தும்பைப்பூ நிறத்தில், சத்தமே இல்லாமல். அவள் கையால் தட்டிவிட்டாள். பக்கத்துப் பிள்ளை மேலேயும் விழுந்தது.

மரப்பொடி.

அண்ணாந்து பார்த்தேன். ஓரத்துத் தோரணமெல்லாம் விறைப்பாக இருந்தது. நடுவில் கட்டிய தோரணம் மட்டும் தளர்ந்து, தொட்டில் மாதிரித் தொங்கியது. காலையில் இழுத்துக் கட்டியிருப்பார்கள்தானே, எல்லாவற்றையும் ஒரே மாதிரி?

வாய் வரை வந்தது, என் மகள் பேர். அவளை மட்டும் கூப்பிட்டு, "வா, தண்ணி எடுத்துக் குடு" என்று வெளியே இழுத்துக்கொண்டு போக எனக்கு ஒரு நொடி ஆகாது. ஆனால் அவளைச் சுற்றிலும் மற்றவர்கள் பெற்ற பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் மடியில் குழந்தையோடு சின்ன ஊர்ப் பெண்கள். சரியாக உத்தரத்துக்கு அடியில்.

கத்தினால்? வாசல் ஒன்றுதான். பின்வாசலை அடைத்துப் பெஞ்சுகளை அடுக்கியிருந்தார்கள். "விழப்போவுது" என்று மைக்கில் ஒரு வார்த்தை சொன்னால் கூரை விழுகிறதோ இல்லையோ, அந்த வாசலில் மிதிபட்டே பிள்ளைகள் போய்விடும். சொல்லாவிட்டால், அடுத்த நிகழ்ச்சி என்ன என்று எனக்குத் தெரியும். நானேதான் ஏற்பாடு செய்தது. காலில் சலங்கை கட்டி மூத்த ஊர் ஆண்கள் ஆடும் சேர்வையாட்டம். மேளத்தோடு. அந்த ஹாலுக்குள். அவர்கள் குதித்துக் கால் வைத்தால் பக்கத்து வீட்டுப் பாத்திரம் ஆடும்.

மேளக்காரர் கோலை எடுத்துவிட்டார்.

மைக்கை வாய்க்கு எடுத்தேன். எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியாது. சிரித்த முகமாக இருந்தேனாம், ஓர்ப்படி பிறகு சொன்னாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு வந்திருக்கிற நம்ம விருந்தாளிங்க, நம்ம ஊருங்களை ஒண்ணொண்ணா பாக்கணும்னு ஆசைப்படறாங்க. ஆட்டம், பாட்டு எல்லாம் வெளிய, பலா மரத்தடியில. நான் ஊர்ப் பேர் சொல்லச் சொல்ல, அந்த ஊரு மட்டும் எழுந்து, மெதுவா, நடந்து வெளிய போங்க. மத்தவங்க உக்காந்திருங்க. மேளம் வெளியதான் அடிக்கணும். மேளக்கார அண்ணே, கோலைக் கீழ வையுங்க, உங்களைத்தான்."

சிரித்தார்கள். மேளக்காரர் கோலைக் கீழே வைத்தார். மூத்த ஊர்க்காரர்கள் முதல் வரிசையில் துண்டைச் சரிசெய்துகொண்டு எழ ஆரம்பித்தார்கள். அவர்கள் பேர்தானே முதலில் வரும்.

"முதல்ல பிள்ளைங்க. பாட்டுப் பாடற பிள்ளைங்க எல்லாம் கையைப் பிடிச்சினு போங்க. அவங்க பின்னாடி..."

சின்ன ஊரின் பேரைச் சொன்னேன்.

மூத்த ஊர்க்காரர்கள் பாதி எழுந்தபடியே நின்றார்கள். சின்ன ஊர்ப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், எழலாமா கூடாதா என்று. பிள்ளைகள் மட்டும் எழுந்து, பொடியைத் தட்டிக்கொண்டு நகர ஆரம்பித்தார்கள்.

ஊர்க்கவுண்டர் எழுந்தார். "இன்னா பேசற நீ? நாங்க இங்க குந்தினு இருக்க, நேத்து வந்த ஊரு முன்னாடி போவுதா? பேரு மறந்துட்டுதா, இல்ல மரியாதை மறந்துட்டுதா?"

அவர் பின்னால் அவர் ஊர் ஆட்கள் எழுந்து நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் வரிசை அப்படியே நின்றுவிட்டது. என் மகள் நடுவில், இப்போது நேராக உத்தரத்துக்கு அடியில்.

மேலே எங்கோ ஒரு ஓடு நகர்ந்த மாதிரிக் கேட்டது. இல்லை, என் காதுதானோ என்னவோ.

மைக்கை ஓர்ப்படியிடம் கொடுத்துவிட்டு அவரிடம் போனேன். முறைக்கு அவர் எனக்கு மாமா. காது கொஞ்சம் மந்தம், அதனால் கிட்டத்தில் போனேன். மூக்குப்பொடி வாசனை அடித்தது. "மாமா, திட்டறதை அப்பறம் திட்டுங்க. மாமனாரை எடுத்துட்டாங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. "எந்த மாமனாரு?" என்று முறைத்தார். பிறகு நடுவில் பார்த்தார், வெறும் தரையை. பிறகு மெதுவாக மேலே பார்த்தார்.

அவர் கத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார். "அட, உக்காருங்கடா" என்றார் தம் ஆட்களிடம். அவர்கள் திகைத்தார்கள். "உக்காருங்கன்னு சொல்றேன். மருமவ சொல்றது சரிதான். வெளியூரு விருந்தாளி வந்தா மூத்த ஊரு கடைசியாதான் எழுந்திருக்கணும். எல்லாரையும் அனுப்பி வெச்சிட்டுப் போறதுதான் பெரிய மரியாதை. நம்ம வழக்கம் அது. உங்களுக்குத் தெரியாதுன்னா உங்கப்பனைக் கேளுங்க."

அப்படி ஒரு வழக்கம் அந்த நொடியில்தான் பிறந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஆட்கள் உட்கார்ந்தார்கள். அவர் தாமாகவே நடந்து போய், பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். "கூப்பிடு" என்றார் என்னைப் பார்த்து.

மறுபடி மைக். பிள்ளைகள் போனார்கள். என் மகள் வாசலைத் தாண்டியபோது திரும்பிக் கை ஆட்டினாள், நான் ஆட்டவில்லை. சின்ன ஊர் போனது. அடுத்தது. அடுத்தது. எல்லாம் பின்னாலிருந்து முன்னாலே. நான் ஒவ்வொரு ஊரையும் பற்றி ஏதாவது சொன்னேன், யாரும் ஓடாமல் இருக்க. இந்த ஊர்த் தேன் இப்படி, அந்த ஊர்ப் பலா அப்படி என்று. ஒரு கிழவி நடுவில் நின்று செருப்புத் தேடினாள். "ஆயா, செருப்பை நான் எடுத்துனு வர்றேன், நீ போ." "உனக்கு என் செருப்பு எதுன்னு தெரியுமா?" "தெரியும், போ ஆயா." எனக்குத் தெரியாது. பொடி ஊர்க்கவுண்டரின் தோளில் விழுவதைப் பார்த்தேன். அவர் தட்டிவிடவில்லை.

போதகருக்கு என் முகத்திலிருந்தே புரிந்துவிட்டது. விருந்தாளிகளைச் சுவரோரமாகவே அழைத்துக்கொண்டு போனார். நானும் ஊர்க்கவுண்டரும் பேசியது அந்த அம்மா காதில் பாதி விழுந்திருக்கும்போல, போகும்போது என்னிடம் தாழ்ந்த குரலில், "யாரோட மாமனாரை வெளிய அனுப்பிட்டாங்க? வயசானவரா? பாவம், உள்ள கூப்பிடக் கூடாதா?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வெளிய வந்து சொல்றேன்மா" என்றேன்.

கடைசியில் ஊர்க்கவுண்டர், அவருக்குப் பின்னால் நான். வாசலில் அவர் நின்றார். "நீ முன்னாடி போ. மூத்த ஊருதானே கடைசி?"

வெளியே வந்தேன். பலா மரத்து வேரில் உட்கார்ந்துவிட்டேன். மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையைத் துடைத்தேன். அவளுக்கு என்னவென்று தெரியாது. "விடும்மா, பூ நசுங்குது" என்றாள்.

ஹால் விழவில்லை.

மேளம் அடித்தது, ஆட்டம் நடந்தது, சாமைச் சோறு பரிமாறினார்கள். ஹால் சுண்ணாம்பு வெள்ளையில் கல்லு மாதிரி நின்றது. செயலாளர் வந்தார். "பாத்தீங்களா அக்கா? உங்க பேச்சைக் கேட்டு ஜனத்தை வெயில்ல குந்த வெச்சோம். வந்தவங்க இன்னா நினைப்பாங்க? ஹாலு நல்லாத்தானே இருக்குது, எதுக்குப் புதுசுன்னு கேக்கறாங்க. எல்லாம் உங்க பயத்தால வந்தது." சுற்றியிருந்த சிலர் சிரித்தார்கள். "மைக்கு அக்காவுக்கு மாமனாரு இல்லாம கைகால் ஓடல" என்று ஒரு குரல். நிஜமாகவே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பழைய மாட்டுக் கொட்டகை ஒன்றை இத்தனை வருஷம் சுமந்துகொண்டு வந்து, ஊர் காரியத்தின் மேல் இறக்கி வைத்துவிட்டேனோ என்று.

ஊர்க்கவுண்டர் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "பேச்சை விடுங்க. போய் மாமனாரைக் கூட்டினு வாங்க. அவரு இடத்துல நிக்க வையுங்க. அப்பறம் யாரு பெரிய ஆளுன்னு பேசலாம்."

நாலைந்து பேர் பின்னாலிருந்து கட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விருந்தாளி அம்மாவும் எழுந்து வந்து வாசலில் நின்றார். "ஓ, இவர்தானா?" என்றார்.

தரையில் மாமனார் நின்ற பள்ளம் அப்படியே இருந்தது, குழி மாதிரித் தேய்ந்து. அடியை அதில் வைத்து நிமிர்த்தினார்கள். நிமிரவில்லை. தலை உத்தரத்தில் இடித்தது. சாய்த்து, திருப்பி, மறுபடி நிமிர்த்தினார்கள். மறுபடியும் இடித்தது.

"கட்டையை மாத்தி எடுத்துனு வந்துட்டீங்களா?" என்றார் செயலாளர்.

"இது ஒண்ணுதான் இருந்திச்சு" என்றார்கள்.

"அப்ப பள்ளத்துல மண்ணு இருக்கும், நோண்டுங்க." ஒருவர் கையால் துழாவிப் பார்த்தார். மண் இல்லை.

இத்தனை வருஷம் நெட்டுக்குத்தலாக நின்ற கட்டை, காலையில் எடுத்த கட்டை, இப்போது தன் இடத்தில் நுழைய மாட்டேன் என்றது. கட்டை வளர்ந்திருக்காது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்தது என்று நினைக்கிறேன். கட்டையைப் பிடித்திருந்தவர்கள் அதைத் தட்டவில்லை, சாத்தவில்லை. தூங்குகிற குழந்தையைக் கிடத்துவது போலத் தரையில் கிடத்தினார்கள். பிறகு ஒவ்வொருவராக, நுனிக்காலை ஊன்றி, மேலே பார்த்தபடியே பின்னால் நடந்து வெளியே வந்தார்கள். செயலாளர் கடைசியாக வந்தார். அவர் வேட்டி சரசரக்கவில்லை. அவர் பிள்ளையும் பாட்டுக் கோஷ்டியில் இருந்தது.

அந்த அம்மா முகம் வெளுத்துப்போய் நின்றார். "இதை ஏன் எங்ககிட்ட மறைச்சீங்க? இதைப் பாக்கத்தானே வந்தோம்?"

ஊர்க்கவுண்டர்தான், கோபமோ வெட்கமோ தெரியாத குரலில், "வூட்டுக்கு வர்றவங்ககிட்ட ஒழுவுற இடத்தையாம்மா காட்டுவாங்க?" என்றார்.

அந்த அம்மா திரும்பி ஹாலைப் பார்த்தார். அவரும் அந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்தவர்தானே. பிறகு, "கதவைப் பூட்டுங்க" என்றார். "இனிமே யாரும் உள்ள போகக் கூடாது. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

பார்த்துக்கொண்டார்கள். ஹாலை மேலிருந்து ஓடு ஓடாகப் பிரித்து இறக்கியபோது, உத்தரம் கட்டிய கயிற்றில் தொங்கும்போதே இரண்டாக முறிந்துவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை, வெறும் பொடி. வெளித்தோல்தான் மரம். அதைப் பார்த்துவிட்டு வந்து நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

'எல்லாருக்கும் கூடம்' இப்போது எழும்பி நிற்கிறது. கான்கிரீட் கூரை, இரண்டு பெரிய வாசல். புளியும் சாமையும் சுமந்த கல்லும் அதில் இருக்கிறது. சொன்ன வாக்குப்படி அந்தப் பாட்டியம்மா போட்ட குலவையும் இருக்கிறது. நடுவில் எதுவும் மறைக்காது. முதல் கல்யாணத்துக்கு மைக் பிடிக்கப் போனபோது நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். ஊர்க்கவுண்டர் கீழிருந்து, "இன்னா பாக்கற? மாமனாரு இல்லாத வூட்டுலயும் குடும்பம் நடத்தித்தான் ஆவணும்" என்றார்.

அந்தக் கல்யாணத்திலும் வெற்றிலைத் தட்டு மூத்த ஊருக்குத்தான் முதலில் போனது. ஆனால் விசேஷம் முடிந்து கலையும்போது அவர்கள் எழவில்லை. பிள்ளைகள் போனார்கள், சின்ன ஊர் போனது, மற்றவர்கள் போனார்கள். மூத்த ஊர் கடைசியில். யாரும் சொல்லித்தரவில்லை. புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் என் ஓர்ப்படியிடம் காரணம் கேட்க, "அது இந்த மலையில ஆதிகாலத்து வழக்கம்டி" என்று அவள் சிரிக்காமல் சொன்னதைக் கேட்டேன்.

நான் திருத்தவில்லை. எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கடைசி ஆள் வாசலைத் தாண்டும் வரை நான் மைக்கைக் கீழே வைப்பதில்லை. அதுவரை என் காது மேலேயேதான் இருக்கிறது, அந்த மூச்சுச் சத்தத்துக்காக.